தாளம் கேட்கும் பக்கம்

என் அரங்கேற்றத்தை அம்மா பார்க்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் ஆடிக்கொண்டிருந்தபோது, அவள் கீழே பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாள். வந்தவர்கள் சரியாகச் சாப்பிடாமல் போனால் ஊர் பேசுமே என்ற பயம். திண்டிவனத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் என்னைக் கூட்டிப்போய், வகுப்பு முடியும்வரை வாசலில் கால் கடுக்க நின்றவளும் அவள்தான்.

பிறகு கல்யாணம், கனடா. பதினெட்டு வருஷமாக அங்கே பரதம் சொல்லித் தருகிறேன். அரைமண்டியில் உட்காரச் சொன்னால் முறைக்கும் பிள்ளைகள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், பெற்றோரையும் சேர்த்தே திட்டிவிடுவேன். ஊரில் என்னவோ நான் மேடை மேடையாக ஆடுவதாக நினைப்பு. மேடை பிள்ளைகளுக்கு. எனக்கு ஓரத்தில் ஒரு ஜமுக்காளம், கையில் ஒரு ஜோடித் தாளம், வாயில் ஜதி. அவ்வளவுதான்.

வீடியோ அனுப்பினால் அம்மா போனில் சண்டைக்கு வருவாள்.

"யார் யாரோ ஆடறாங்க. நீ எங்கடி இருக்க?"

"தாளம் கேக்குதில்ல, அந்தப் பக்கம் பாரும்மா. ஓரமா ஒக்காந்துக்கினு இருக்கேன்."

"ஒரே ஒரு வாட்டி நீ ஆடி நான் பாக்கணும்டி."

"அடுத்த லீவுக்கு வர்றேன்மா. திருவாமாத்தூர் கோயில்ல ஆடறேன்."

சொல்லி ஏழு வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு லீவிலும் யாராவது ஒரு பிள்ளைக்கு அரங்கேற்றம் வந்து நிற்கும். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் மட்டும் சுலபமாக வந்தது.

போன வருஷம் ஒருவழியாகப் போனேன். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். கண் ஆபரேஷன், வெளிச்சம் ஆகாது என்றான் தம்பி. ஒத்திகை அவசரத்தில் நானும் துருவிக் கேட்கவில்லை.

கோயிலில் சின்ன மண்டபம். மைக் வைக்கவில்லை. பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் அம்மா. விழுப்புரத்துத் தோழி ஒருத்தி ஓரத்தில் உட்கார்ந்து தாளம் போட்டாள். நான் நடுவில் வந்து நின்றபோதே கவனித்தேன், அம்மாவின் முகம் தோழியின் பக்கம் திரும்பியிருந்தது. வலது கோடிக்குப் போனேன், இடது கோடிக்குப் போனேன். உள்ளங்கால் எரிய எரிய மிதித்தேன். அந்த முகம் தாளத்தை விட்டு நகரவில்லை.

முடிந்ததும் தம்பியைத் தனியாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா கண்ணு ஒண்ணுமே தெரியலக்கா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க. நீ அங்க எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவியாம்."

அவனை அறையலாம் போல வந்தது. அறைய வேண்டியது அவனை இல்லை. சொன்ன முதல் லீவுக்கே வந்திருந்தால் அம்மா பார்த்திருப்பாள்.

சலங்கையோடு போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். சத்தம் கேட்டுக் கையை நீட்டி, துழாவி, என் கன்னத்தைப் பிடித்தாள்.

"கண்ணு நெறைய பாத்துட்டேன்டி. தாளம் கேட்ட பக்கத்துலேர்ந்து கண்ண எடுக்கவே இல்ல."

"ஆமாம்மா," என்றேன். "நானும் பாத்தேன்."