அடைக்கலத்தின் கார் ரேடியோ

வாடகைக் கார் ஓட்டும் அடைக்கலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 1962இல் தன் காருக்கு ரேடியோ வாங்கப் போனவர், புதுக்கோட்டைக் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். கடைக்குள் வைத்துக் கேட்டால் எல்லா ரேடியோவும் நன்றாகத்தான் பாடும் என்று சொல்லி, ஒவ்வொன்றையும் காரில் மாட்டவைத்து, இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். அந்த இரைச்சலை மீறியும் பாட்டு பிசிறில்லாமல் வந்த ரேடியோவைத்தான் எடுத்தார்.

வண்டியில் எது புதிதாக ஏறினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அவருக்கு ஓடாது. நேரே திருக்கோகர்ணம் கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போட்டார்.

மறுநாள் காலை ரேடியோவைத் திருகினால், போர்வைக்குள் இருந்து யாரோ பாடுவதுபோல் கேட்டது. காரை விரட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"நல்லதைக் காட்டிட்டு ஓட்டையை மாட்டி விட்டுட்டீங்களே, இது அடுக்குமா?"

கடைக்காரர் காருக்குள் குனிந்து, ஸ்பீக்கரின் முன்னால் இருந்த வலையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, இதுல யாரு சந்தனம் பூசுனது?"

"நாந்தான். கை நெறைய அள்ளி அப்புனேன்."

"இங்கிட்டுப் பாருங்க. சத்தம் வர்ற ஓட்டையெல்லாம் அடைச்சுக் கெடக்கு."

காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்து, தென்னங்குச்சியால் நோண்டி எடுத்ததும் பாட்டு கணீரென்று கிளம்பியது. அடைக்கலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பின்னே? நான் பாத்து எடுத்த ரேடியோ, சோடை போகுமா?" என்று கடைக்காரரையே அதட்டினார்.