மூன்றாவது பத்தியில் எல்லோரும்

பட்ஜெட் பிரிவு குமாஸ்தாவைப் பார்த்து யாரும் மனசாரச் சிரித்து நான் பார்த்ததில்லை.

புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் அந்த நாற்காலியில்தான் பல வருஷமாக இருக்கிறேன். மாதக் கடைசியில் பால் பாக்கெட்டைக் குறைப்பதா, கேபிளை நிறுத்துவதா என்று வீட்டில் முழித்திருப்பீர்களே, அதையே ஊருக்காகச் செய்கிற உத்தியோகம். இந்த வருஷம் பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மத்திய அரசு தன் செலவுகளை மறுபடி யோசிக்கிறதாம். எது முக்கியம், எது அப்புறம் என்று புதிதாக வரிசை போடுகிறதாம். நமக்கு வரும் மானியம் உயராதாம். நாங்களும் பத்து நாளில் பட்டியல் போட வேண்டும். அந்தப் பத்து நாளில் எனக்குத் தூக்கமும் இல்லை, பசியும் இல்லை.

பூந்தொட்டி

எல்லாத் துறைகளுக்கும், மேலிருந்து கீழே கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்த ஒரு படிவம் அனுப்பினோம். முதல் பத்தியில் நிறுத்தக்கூடியவை, இரண்டாவதில் தள்ளிப்போடக்கூடியவை, மூன்றாவதில் தொடவே கூடாதவை. நான்காம் நாள் பதில்கள் வந்தன. முதல் இரண்டு பத்தியும் வெள்ளையாகக் கிடந்தன. மூன்றாவது பத்தி இடம் பத்தாமல் பின்பக்கம் வரைக்கும் போயிருந்தது. பள்ளிக்கூட முட்டையும் அதில்தான், ஒரு அலுவலக வாசலுக்கு வாங்கும் பூந்தொட்டியும் அதில்தான்.

அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர் என்னைப் போலவே ஒரு குமாஸ்தா. "பூந்தொட்டி எப்படிங்க தொடக்கூடாதது?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீங்க தொட்டிமேல கை வெச்சா, எங்க ஆபீசர் என்மேல கை வெச்சிடுவாரு சார்."

வீராம்பட்டினத்து அம்மா

மறுநாள் ஓர் அம்மா நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். வீராம்பட்டினம், மீன் விற்கிறவர், புருஷன் விசைப்படகில் போகிறவர். வர்ற மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணப் பணம் கிடையாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்களாம். "நெசமா?" என்றார்.

என் முழங்கைக்குக் கீழே இருந்த தாளில் அந்த நிவாரணம் இரண்டாவது பத்தியில், தள்ளிப்போடக்கூடியவற்றில் இருந்தது. முந்தின நாள் என் கையால்தான் அதை அங்கே எழுதினேன். வெளியே சொல்லக்கூடாத காகிதம். முழங்கையை எடுக்காமல், "இன்னும் எதுவும் முடிவாகலம்மா" என்றேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனு முட்ட போடற நேரம், கடலுக்குப் போவாதன்றீங்க, சரின்னு குந்திக்கிறோம், எங்க வயித்துக்கு அந்தச் சேதிய யாரு சொல்றது, நீ வந்து சொல்றியா?"

முசியேவின் கவலை

நெல்லித்தோப்பில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்தவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் கீழே, நாங்கள் மாடியில்; பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவேன். அந்த வாரம் காலையில் நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். பிரான்சிலும் பட்ஜெட்டில் துண்டு விழுகிறதாம், இவருக்கு அங்கிருந்து வரும் பென்சனில் கை வைப்பார்களோ என்று பாரிசிலிருந்து மகன் சேதி அனுப்பியிருக்கிறான்.

"முசியே, அது வேற நாடு, வேற பட்ஜெட். எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் விடவில்லை. "நீ அந்த வேலைதானே பாக்கற, ஒரு அரசாங்கம் மொதல்ல எதுல கை வைக்கும், சொல்லு." யார் ரொம்பத் தூரத்தில் இருக்கிறார்களோ அவர்கள் பங்கில்தான் என்று வாய்வரை வந்தது. பிரான்சிலிருந்து ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நிற்கிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? அசடு வழிந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது போல. வருத்தமாகவே சொன்னார்: "அங்க கொறச்சா, இங்க உன் வாடகைய ஏத்தறதத் தவிர எனக்கு வேற வழி ஏது தம்பி?"

ஒரு வரி

எட்டாம் நாள் எங்கள் சூப்பரின்டெண்டென்ட் மேடம் பட்டியலைத் தள்ளி வைத்து, "வெட்டினது இன்னும் பத்தல" என்றார். பென்சிலால் ஒரு வரியைச் சுழித்து, "இதை மொதப் பத்திக்குக் கொண்டுபோ" என்றார். ஒப்பந்த நர்சுகள். வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை.

கருவடிக்குப்பத்தில் இருக்கும் என் தங்கை அதில் ஒருத்தி. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. மச்சானுக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆன பிறகு அவர் எந்த வேலைக்கும் போகவில்லை.

பேனா ஓடவில்லை. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று கால் மணி நேரம் தவித்தேன். கடைசியில் எழுந்து போய், "மேடம், இந்த வரியில என் தங்கச்சி இருக்கா. இதை நான் எழுதக் கூடாது, வேற யாருகிட்டயாவது குடுத்துடுங்க" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் பிரிவுக்கு வரவேண்டிய புது கம்ப்யூட்டர்களை அடித்தார், அதிகாரிகளின் வாடகைக் கார்களில் பாதியை அடித்தார். நர்சுகள் வரியில் பேனா முனையை வைத்தபடி ரொம்ப நேரம் இருந்தார். பிறகு அதை இரண்டாவது பத்தியில் எழுதிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "யாரோட தங்கச்சியும் இல்லாத வரி ஒண்ணு காட்டுப்பா, அதை மொத்தமா அடிச்சுடறேன்."

போன்

மாதக் கடைசியில் மேலிடத்து முடிவு வந்தது. பள்ளிக்கூட முட்டை தப்பியது. மீனவர் நிவாரணம் உண்டு, ஆனால் தாமதமாகத்தான் வரும். ஒப்பந்த நர்சுகளுக்கு ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம். எங்கள் கம்ப்யூட்டர்களையும் அந்தப் பூந்தொட்டியையும் மட்டும் முழுசாக அடித்திருந்தார்கள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தபோது தங்கையின் போன். உத்தரவு அவள் கைக்குப் போய்விட்டது. அழுதிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஆறு மாசமாவது கெடச்சுதேம்மா" என்றேன். அந்த 'ஆவது'தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அவள் மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சே இருந்திருக்க இல்லண்ணா? பொங்கலன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு வாட்டி சாம்பார் கேட்டு வாங்கி சாப்பிட்டியே, எப்படிண்ணா எறங்குச்சு?"

வரவுக்குள் செலவை அடக்கிவிட்டோம் என்று மேலே எழுதி அனுப்பியாகிவிட்டது. அடங்காத மிச்சத்தையெல்லாம் அவரவர் வீட்டில் அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.