லோயர் கேம்பில் டவர் கிடைத்ததும்

இன்று சாயங்காலம், குமுளியிலிருந்து வந்த பேருந்து மலையிறங்கி லோயர் கேம்பைத் தொட்டதும், டவர் கிடைத்து எல்லார் போனும் ஒன்றாகக் கத்தின.

பக்கத்து இருக்கை அக்கா ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடித்து வந்தவர். வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு வைத்துக் கேட்டார். எனக்கும் கேட்டது. அவர் மகளின் குரல்.

“அம்மா, இன்னைக்கும் ஸ்கூலுக்குப் போகல. எந்திரிச்சதும் நெஞ்சு படபடன்னு வருது. யாரையும் பாக்கவே பிடிக்கலம்மா.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சீக்கிரம் போய்ப் பிள்ளைகிட்டப் பேசுங்கக்கா,” என்றேன்.

“நேர்ல பேசமாட்டா ஆத்தா. என்னயப் பாத்தா கதவச் சாத்திக்கிருவா. நான் மலையில இருக்கப்பத்தான் இதுல எல்லாஞ் சொல்லுவா. அதுக்காகவே ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போறேன். கம்பத்துல டாக்டரப் பாப்பமான்னு கேட்டிருக்கேன். அதுக்கும் இதுலதான் பதில் வரணும்.”

வீட்டுக்கு வந்தால் என் மகனின் அறையும் சாத்தியிருந்தது. தட்டப் போன கையை இறக்கிவிட்டு, “சாப்பிட வாடா” என்று மெசேஜ் அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. ஆள் வரவில்லை.

அவனோடு பேச்சுவார்த்தையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தோசை ஆறுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.