அடிபடாத கண்

நாமக்கல் லாரிப் பட்டறையில் உளிமேல் சம்மட்டி விழுந்ததும் என் கிழட்டுத் தோள் தானாகக் குறுகியது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, அப்பா எங்கள் கிணற்றில் பாறை உடைத்தபோது இதே சத்தம்தான். உளித்தலையிலிருந்து தெறித்த இரும்புச் சில்லு அவர் வலக்கண்ணில் பாய்ந்தது.

"தூசிதான் சாமி" என்றார் என்னிடம்.

கைக்குழந்தைக்காரியான சித்தி அந்தக் கண்ணில் தாய்ப்பாலைப் பீய்ச்சினாள். "குளுந்துருமுங்க மாமா." ஆஸ்பத்திரியை யாரும் நினைக்கவில்லை. சில்லு உள்ளேயே கிடந்தது. அந்தக் கண் போயிற்று. பிறகு, அந்தக் காயத்தின் வினையாலேயே, அடிபடாத இடக்கண்ணும் அவிந்தது. கிணற்றில் தண்ணீர் ஊறிய அன்று, அப்பா அதைக் கையால் தொட்டுத்தான் பார்த்தார்.

இங்கே பட்டறைக்காரரின் காப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"கண்ணுல போடு சாமி" என்றேன்.

"வேர்க்குதுங்க அம்மாயி. இன்னும் ரெண்டு அடிதானுங்களே" என்று சிரித்தபடி சம்மட்டியை ஓங்கினார்.

நான் என் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.