சொல்லாமல் வந்த ஊர்

ஒக்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் சாரதிக்கு "தாங்க் யூ" என்று உரத்துச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அந்தச் சொல் தெரியும், வெட்கம்தான். ஒக்லாந்தின் தெற்கே விரி என்ற இடத்தில் கிடங்கு வேலை முடிந்து, என் வீடு இருக்கும் மாசி என்ற பகுதிக்கு வந்தால், பின்கதவால் நழுவி இறங்கிவிடுவேன். சொல்லாமல் போவதில் ஒரு குறையும் இருப்பதாக நான் நினைத்ததில்லை, தம்பி செத்த ஊருக்குப் போய்வரும்வரை.

இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு கனடா போன தம்பி, கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரே தெருவுள்ள சின்ன ஊரில் சாப்பாட்டுக்கடை நடத்தினான். கல்யாணம் செய்யவில்லை. போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான். நானும், ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் சிவமும் காரியங்களைச் செய்து சாம்பலை அந்த ஊர் ஆற்றில் கரைத்தோம். ரயில் வராமல் போன பழைய ஸ்டேஷனை அங்கே மியூசியமாக்கியிருந்தார்கள். புல்லும் மண்ணுமாக வெட்டிய கட்டிகளால் வீடு கட்டி குடியேறிய முதல் பனிக்காலத்தைத் தாண்டிய ஆதிக் குடும்பங்களின் படங்கள் சுவர் நிறைய. அந்த மியூசியத்தைப் பராமரித்த டொறத்தி என்ற வயதான பெண், வெறும் ஆணியொன்றைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார்.

"பனிப்புயலில ரோட்டு மூடினபோது தம்பி கடையைத் திறந்துவைச்சு எல்லாருக்கும் சாப்பாடு குடுத்தவனாம். அவனும் இந்த ஊர்ச் சரித்திரமாம். படம் தருவியளோ எண்டு கேக்கிறா" என்றான் சிவம்.

நல்ல படம் மாசியில் என் வீட்டில் இருந்தது. போய் அனுப்பலாம் என்று நினைத்தேன், வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை டொறத்தியும் ஊர்ச்சனமும் எங்களை வழியனுப்பத் தெருவில் நின்றார்கள். நாங்கள் திரும்பிப் பாராமல் காரில் ஏறினோம்.

மாசிக்குத் திரும்பியதும் படத்துக்குச் சட்டம் போட்டேன். தபாற்கந்தோரில் ஆங்கிலம் கதைக்க வேண்டுமே என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சிவம் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், 'எங்கட ஊரில உன்ர மச்சானுக்கு என்ன கோவம்' எண்டு டொறத்தி கேட்டவவாம். படம் தர விருப்பமில்லையாக்கும் எண்டு ஆணியைக் கழட்டிப்போட்டா."

"கோவமோ? செத்தவீட்டில ஆராவது சொல்லிப்போட்டு வெளிக்கிடுறவையே? நீயும்தானே பேசாமல் வந்தனீ!"

"எனக்குத் தெரியும். அந்தச் சனத்துக்கு ஆர் சொன்னது?"

"இப்ப சொல்லன். படத்தை அனுப்புறன்."

"ஆருக்கு? அவ மகளோட பட்டணத்துக்குப் போயிட்டா. மியூசியமும் பூட்டியாச்சு."

தம்பியைத் தங்கள் ஆளென்று சொன்ன ஒரே ஊர் அது. என் பிள்ளைகளுக்கு அவன் படத்தில் இருக்கும் ஒருவன்தான்.

இப்போது நான் முன்கதவால் இறங்குகிறேன், உரத்துச் சொல்லிவிட்டு. சாரதி கையை உயர்த்துவார். பஸ் மறையும்வரை, டொறத்தி நின்றதுபோல, ரோட்டோரத்தில் நிற்பேன்.