பிரெஞ்சில் இருந்த நான்கு வரிகள்

அம்புஜம் டீச்சர் போய்விட்டார் என்று திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலிலேயே பியூன் சொன்னார். "வாய்க்கு வந்ததைச் சொல்லாதேய்யா" என்று எரிந்து விழுந்தேன். சனிக்கிழமைதான் என்னோடு டீ குடித்துவிட்டுச் சாரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு நடந்து போனவர். பிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கெல்லாம் அவருடைய புதன்கிழமைக் கடைசிப் பீரியட் நினைவிருக்கும். சரித்திரப் புத்தகத்தை மூடிவிட்டு, பெரிய வகுப்புப் பெண்களுக்கு முன்னால் பத்திரிகையைப் பிரித்துப் போடுவார். "யார் சொல்றாங்க? கையெழுத்து யாருது? நாம நம்புனா அவங்களுக்கு என்ன லாபம்?" தலைவலி மாத்திரை விளம்பரம்கூட இந்தக் கேள்விகளுக்குத் தப்பாது. தெரியாததை "எனக்குத் தெரியலம்மா" என்று பிள்ளைகளிடமே சொல்வார். எனக்கு அது பிடிக்காது. டீச்சர் என்றால் ஒரு கௌரவம் வேண்டாமா?

நம் ஊரை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன புதிது. அவர்கள் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள், பென்ஷன் இனி வருமா வராதா என்று கலங்கிக் கிடந்தார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். அப்போது பத்திரிகையில் கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு வந்தது. மேலே பிரெஞ்சில் நான்கு வரி. கீழே தமிழில், பென்ஷன் புத்தகத்தை இன்ன முகவரியில் ஒப்படைக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்று. மேலே பிரெஞ்சு இருந்தால் அது சர்க்கார் உத்தரவு. நம் ஊரில் அப்படித்தானே பழக்கம்! "இன்னிக்கே குடுத்துட்டு வந்துடும்மா" என்றார் அப்பா. புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தேன். அம்புஜம் டீச்சரிடமும் சொன்னேன்.

அன்று புதன்கிழமை. கடைசிப் பீரியடில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அதே பத்திரிகை. "எனக்கு பிரெஞ்சு தெரியாது டீச்சர். இந்த நாலு வரிய பிள்ளைங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். கீழே கையெழுத்திட்டிருப்பவர் தமது புதிய அலுவலகம் திறக்கப்பட்டிருப்பதை மதிப்புக்குரிய பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறார். அவ்வளவுதான். சர்க்காரின் பெயரே இல்லை. யாரோ ஒரு தனி ஆளின் விளம்பரம். பிரெஞ்சு டீச்சரான நான் பிரெஞ்சைப் பார்த்தேனே தவிர படிக்கவில்லை!

வகுப்பு முடிந்ததும் சண்டைக்குப் போனேன். "பிள்ளைங்க முன்னாடி என்னை முட்டாளாக்கவா கூப்ட்டீங்க?"

"ஐயய்யோ, உங்க பையில என்னா இருக்குன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்? படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். வேற யாரக் கூப்புடுவேன்?" என்றார்.

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அது சர்க்கார் உத்தரவு இல்லை என்று சொல்லிப் புத்தகத்தை அன்றே அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தைக் கொடுத்துவிட்ட மற்றவர்கள் அதைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைந்தார்கள். என் அப்பாவோ பூரித்துப் போனார். "எம்பொண்ணு படிச்ச பிரெஞ்சு எம்பென்ஷனக் காப்பாத்திடுச்சு" என்று தெருவெல்லாம் சொன்னார். ஒருநாள் வீட்டுக்கு வந்த அம்புஜம் டீச்சரிடமும் சொன்னார்.

"ஆமாங்கய்யா, உங்க பொண்ணு கெட்டிக்காரி" என்று சிரித்தார் அவர். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அவருடைய கேள்விகள் என்னிடம் தங்கிவிட்டன. பத்திரிகையை எடுத்தால் தானாக வருகின்றன. "தெரியலம்மா" என்று வகுப்பில் சொல்லவும் பழகிவிட்டேன். ஆனால் அந்த ஒரு உண்மையைச் சொல்ல மட்டும் ஏழு வருடம் ஆயிற்று. டீச்சரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத அந்தம்மா காதுல விழுற மாதிரி சொல்லியிருக்கணும்மா நீ" என்றார்.

உங்கள் காதிலாவது விழட்டும். எங்கள் வீட்டைக் காப்பாற்றியது நான் இல்லை, அம்புஜம் டீச்சர்.