விலகுவதற்காகச் சேருகிறவர்

ரெத்னோ இன்று காலை ஒரு இணையச் சமையல் வகுப்பில் சேர்ந்தார், உடனே விலகிவிடுவதற்காக. சேர ஒரு பொத்தானே போதுமாக இருந்தது. விலகத்தான் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்கள். காத்திருக்கும் நேரத்துக்குப் போடுகிற பாட்டோடு தானும் முனகிக்கொண்டு, கடைக்கு வந்தவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஒரு பெண் குரல் வந்ததும், "நான் போனை வச்சுட மாட்டேம்மா. நீ பாட்டையே போட்டாலும் சரி, இங்கதான் இருப்பேன்" என்றார்.

சுரபாயாவில் பொறியியல் கல்லூரி வாசலில் இருக்கிறது அவருடைய நகல் கடை. ஒருமுறை கடை அச்சு இயந்திரம், மஞ்சள் மை தீர்ந்துவிட்டது என்று கறுப்பையும் அச்சடிக்க மறுத்தது. வேறு கம்பெனி மையை ஊற்றியபோது அசையவே இல்லை. அவர் போட்ட கூச்சலைக் கேட்டுச் சிரித்த மாணவர்கள் சிலர், கணினி உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு கருவி ஒன்றைச் செய்தார்கள். தந்திரம் செய்யும் இணையக் கடையின் பக்கத்தைத் திறந்தால் மேலே ஒரு சிவப்புப் பட்டை வரும். என்ன தந்திரம் என்று ஒரே வரியில் சொல்லும். 'அவாஸ்' என்று பெயர். சாலையில் வண்டி வந்தால் அங்கே எல்லோரும் கத்துகிற சொல். மாணவர்கள் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். வரும் புகார்களைச் சோதித்துப் பட்டை போடுவது ரெத்னோவின் பொறுப்பாயிற்று.

தானே பார்க்காமல் எதற்கும் பட்டை போடமாட்டார்; சமையல் வகுப்பில் சேர்ந்ததும் அதற்காகத்தான். போடுமுன் கடைக்காரருக்குச் சொல்லி, திருத்திக்கொள்ள ஒரு வாரம் கொடுப்பார்.

போன நோன்பு மாதத்தின் தொடக்கத்தில் மக்காசர் நகரிலிருந்து ஒருவர் புகார் அனுப்பினார். இணையத்தில் ஒரு பாத்திக் துணிக்கடை. 'சலுகை முடிய இன்னும் பத்து நிமிடம்' என்று கடிகாரம் ஓடுகிறது. எப்போது திறந்தாலும் அதே பத்து நிமிடம். ரெத்னோ திறந்து பார்த்தார். தங்கை நிங்சியின் கடை. உடனே அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நிங்சி, உன் கடைக் கடிகாரம் எப்பத்தான் நிக்கும்?"

"நின்னா எவ வாங்குவா? எல்லாரும்தான்க்கா வச்சிருக்காங்க."

"எல்லாருக்கும் பட்டை போட்டிருக்கேனே."

"எனக்குமா போடுவ?"

"ஒரு வாரம் இருக்கு."

"போட்டுக்கோ. பெருநாளுக்கு மட்டும் என் வீட்டு வாசலை மிதிச்சிடாதே!"

வாரம் முடிந்தது; கடிகாரம் நிற்கவில்லை. கணினி முன் உட்கார்ந்த ரெத்னோ மேசையைத் துடைத்தார், இயந்திரத்துக்குத் தாள் வைத்தார், மறுபடி மேசையைத் துடைத்தார். பிறகு பட்டையைப் போட்டார்.

கணவர் சுரோத்தோவால் பொறுக்க முடியவில்லை. "கூடப் பொறந்தவளுக்கே கோடு போட்டுட்டியே, இதுக்கு எவனாவது சம்பளம் குடுக்கறானா?"

"சம்பளத்துக்குச் செஞ்சிருந்தா தங்கச்சிய விட்டிருப்பேன்" என்றார் ரெத்னோ. ஆனால் அதன்பின் கடையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் வேகமாக எடுத்தார்.

பெருநாளுக்குச் சில நாள் முன்பு, நோன்பு திறக்கும் நேரம் நெருங்கையில், தூக்குப் பாத்திரத்தோடு நிங்சி கடைக்குள் நுழைந்தாள்.

"கடிகாரத்தை எடுத்துட்டேன். போய்ப் பாரு."

"என்னடி திடீர்னு?"

"மொத்தமாத் துணி வாங்க ஒரு கடையோட பக்கத்தைத் திறந்தேன். உன் பட்டை வந்து குதிச்சுது. துணி கிழிஞ்சிருந்தாலும் திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம். இருக்கிற பணத்தையெல்லாம் அதுலதான் போட இருந்தேன்க்கா."

"என் மேல அவ்வளவு கோபம், உன் கணினியிலேர்ந்து கருவிய மட்டும் எடுக்கலையா?"

"கோபம் உன் மேலதானே? அது என்ன பண்ணுச்சு?"

ரெத்னோவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தங்கையின் கடைப் பக்கத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நிங்சி இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு நின்றாள். கடிகாரம் இல்லை என்று உறுதியான பிறகே பட்டையை எடுத்தார்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நிங்சி பாத்திரத்தைத் திறந்து, தேங்காய்ப்பாலில் பழம் போட்ட கோலக் பாயசத்தை இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். ரெத்னோ தன் கிண்ணத்தில் கரண்டியை விட்டு, பலாச்சுளைகளை மட்டும் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகத் தங்கையின் கிண்ணத்தில் போட்டார்.